ஒன்பது கீச்சுச் சத்தங்கள்

என் கழுத்தின் இடது பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. கோவிலில் காண்கிற சனம் முதலில் தழும்பைப் பார்க்கும். பிறகு, கோணியிருக்கிறதா என்று என் வாயைப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் "இப்ப எப்பிடி, சுகமோ?" என்று கேட்கும். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த டூங்கபியில் இருக்கிற தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்காவது இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஆனால் வாயால் சொல்லும்போது நடுவில் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். எனக்கு வெட்கமான பகுதி அது. எழுதும்போது அதை விடப்போவதில்லை. என்னைப்போல இன்னொருத்தியும் அதையே செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன்.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். பன்னிரண்டு வருடமாகிறது. என் பகுதியில் பதினாறு அறைகள். காலைத் தேநீரும் காலைக் குளிசையும் என் கையால்தான். ஒவ்வொருவருக்கும் நாள்வாரியாக அடைத்து வருகிற அட்டையிலிருந்து குளிசைகளை உடைத்தெடுத்து, சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்து, அவர்கள் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும். இந்த விடயத்தில் நான் பொல்லாதவள். பதினோராம் அறையில் இருக்கிற டொரதிக்குத் தொண்ணூறு வயது. குளிசையை நாக்குக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு, நான் அங்கால் போனதும் பூச்சட்டிக்குள் துப்பிவிடுவாள். அதனால் "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று தினமும் ஆங்கிலத்தில் அதட்டுவேன். அவள் எனக்கு வைத்த பெயர் சார்ஜன்ட்.

போன வருடம் தீபாவளிக்கு முந்திய கிழமை, டொரதியிடம் தேநீரை நீட்டும்போது என் வலது கையிலிருந்து கோப்பை நழுவிவிட்டது. குனிந்து எடுக்கப் பார்த்தேன். கை எனக்குச் சொந்தமில்லாததுபோலத் தொங்கியது. அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால் பெயர் வரவில்லை. எதிரில் இருப்பது யாரென்று தெரியும். வியாழக்கிழமைகளில் அவள் மகள் வருவாள் என்பது தெரியும். பூச்சட்டிகூடத் தெரியும். பெயர் மட்டும் இல்லை. வேறு ஏதோ உளறினேன். அது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

டொரதிதான் அவசர மணியை அழுத்தினாள். தாதி ஓடிவரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் கை திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. "ஒண்டுமில்லை, காலையில சாப்பிடேல்லை" என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். தலையை ஸ்கான் செய்தார்கள், பிறகு கழுத்தை. கழுத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய இரத்தக்குழாய் மூளைக்குப் போகிறது. என்னுடைய இடதுபக்கக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கியிருக்கிறது என்றார் நரம்பு டொக்டர். மெலிந்த மனிதர், சைக்கிளில் வேலைக்கு வருகிறவர், எப்போதும் ஹெல்மெட் ஒன்றைக் கக்கத்தில் வைத்திருப்பார். கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கடதாசியில் படம் கீறிக் காட்டினார். ஒடுக்கத்தைவிட அந்தப் படிவு கரடுமுரடாக இருப்பதுதான் கவலையாம். அதில் இரத்தம் ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையும். அவை உடைந்து மேலே போனால், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். ஒன்று கரையாமல் அடைத்துக்கொண்டால் அதுதான் பக்கவாதம். இடதுபக்க மூளையில்தான் பேச்சும் வலது கையும் இருக்கின்றன. எனக்கு நடந்தது ஒரு எச்சரிக்கை.

"உங்கள் ஒடுக்கம் நடுத்தரமானது. ஒப்பரேஷன் செய்துதான் ஆக வேண்டும் என்றும் சொல்ல முடியாது, மருந்து மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது" என்றார். "மருந்தைத் தொடங்குவோம். பத்து நாளில் இன்னொரு சோதனை இருக்கிறது. கட்டிகள் இன்னும் உடைந்து போகின்றனவா என்று அதில் கேட்கலாம்."

கேட்கலாம் என்றுதான் சொன்னார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

சாவைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை, அதை வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். பேச்சுப் போய்விடுமோ என்பதுதான் பயம். எங்கள் இல்லத்தின் ஆறாம் அறையில் அலன் என்ற ஒரு மனிதர் இருக்கிறார். பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். பக்கவாதம் வந்தபிறகு அவருக்கு மிஞ்சியிருப்பது "யெஸ்" என்ற ஒரே சொல். தேநீர் வேண்டுமா என்றாலும் யெஸ், வேண்டாமா என்றாலும் யெஸ். கண்ணில் முழுக்கதையும் இருக்கும், வாயில் அந்த ஒன்றுதான் இருக்கும். நான் வாயாடி. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து நான்தான் கதைப்பேன். என்னிடம் மிஞ்சப்போகிற ஒரு சொல் எதுவாக இருக்கும் என்று அந்த இரண்டு நாளும் யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்று குளிசைகள் தந்தார்கள். இரண்டு இரத்தம் உறையாமல் இருக்க, ஒன்று கொழுப்புக்கு. பெட்டியில் 'சாப்பாட்டோடு எடுக்கவும்' என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. இனி வருவதுதான் நான் வெளியில் ஒருவருக்கும் சொல்லாத பகுதி.

மகள் துளசி வயிற்றில் தங்கிய வருடத்திலிருந்து முப்பத்தொரு வருடமாக இந்த விரதத்தை நான் விட்டதில்லை. ஆறு நாளும் பகலில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. மாலையில் கோவிலால் வந்து ஒரு தம்ளர் பாலும் ஒரு பழமும். "இந்த வருசம் விடுமன்" என்று என் கணவர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். "இந்த வருசம்தான் கட்டாயம் பிடிக்க வேணும்" என்றேன். இவருக்குக் கதை குறைவு. ஆனால் நான் ஆஸ்பத்திரியால் வந்த நாள்முதல் ஒவ்வொரு காலையும் மூன்று குளிசையையும் உடைத்து ஒரு பீரிசுத் தட்டில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

அந்தப் பீரிசைப் பார்த்தேன். சாப்பாட்டோடு எடுக்கச் சொல்லியிருக்கிறது. சாப்பாடு இல்லை. அப்படியென்றால் குளிசையும் இல்லை. வெறும் வயிற்றில் இவற்றைப் போட்டால் குடல் புண்ணாகும் என்று என் வேலையிடத்தில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாலைச் சாப்பாடு என்று எடுக்கலாமா என்று யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. எறியவும் இல்லை. குசினி அலுமாரியில் கழுவிக் காயவைத்திருந்த ஊறுகாய்ப் போத்தலுக்குள் போட்டு மூடி வைத்தேன். விரதம் முறிக்கிற பாறணை முடிய எல்லாவற்றையும் ஒழுங்காக எடுப்பேன், ஆறு நாள்தானே என்று நினைத்தேன். சத்தியமாக எனக்கு அது பிழையாகவே தெரியவில்லை.

விரதத்தின் ஐந்தாம் நாள் சோதனை. துளசி லீவு போட்டு வந்து காரில் கூட்டிப்போனாள், இவரும் வந்தார். உள்ளே போகமுதல் டொக்டர் கேட்டார், "குளிசை எல்லாம் ஒழுங்காக எடுக்கிறீர்கள்தானே?"

"ஓம், எல்லாம்" என்றேன்.

சோதனை செய்தது லின் என்ற வியட்நாம் பிள்ளை. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டி மாட்டி, காதுக்கு முன்னால் கன்னப்பொறியில் குளிர்ந்த களி பூசி, பெருவிரல் அளவில் ஒன்றை அழுத்தி வைத்தாள். அந்த இடத்தில் மண்டையோடு மெல்லிசாக இருப்பதால் அதனூடாக ஒலி அலையை அனுப்பி, மூளைக்குப் போகிற இரத்தத்தின் சத்தத்தைக் கேட்கலாமாம். ஊசி இல்லை, நோவு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. "ஒரு மணித்தியாலம் கதைக்கக் கூடாது. தாடை அசைந்தால் பொய்ச் சத்தம் வரும்."

மூலைக் கதிரையில் இருந்த இவர் துளசியைப் பார்த்தார். "இவவோ? ஒரு மணித்தியாலமோ?" என்றார். துளசி சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டாள். என்னால் ஒரு முறைப்புத்தான் முடிந்தது.

ஒலிபெருக்கியைத் திறந்ததும் என் இரத்தம் கேட்டது. உஷ், உஷ், உஷ் என்று, குழாயடியில் வாளி நிரம்புகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது நடுவில் ஒரு கீச். குருவிக்குஞ்சின் சத்தம்போலச் சின்னது. லினின் விரல் உடனே ஒரு பொத்தானை அழுத்தியது. நான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பொத்தானை ஏன் அழுத்துகிறாள் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது ஒரு கட்டி. என் கழுத்திலிருந்து உடைந்து என் பேச்சு இருக்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதை நான் என் காதாலேயே கேட்கிறேன். ஊறுகாய்ப் போத்தல் அப்படியே கண்முன்னால் வந்து நின்றது. வாயைத் திறக்க முடியாது. இரண்டாவது கீச். மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும், இது கரைந்துவிட வேண்டும் என்று முருகனைக் கேட்டேன். எந்த முகத்தோடு கேட்டேனோ தெரியாது. ஒரு மணித்தியாலம் முடிய ஒன்பது.

டொக்டர் வந்து திரையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இரண்டு மருந்து எடுத்தும் ஒன்பது என்றால், அந்த மருந்துகள் உங்கள் உடம்பில் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வீட்டுக்கு விட முடியாது" என்றார். இன்றே அனுமதிக்க வேண்டும். இன்னும் பலமான மருந்தொன்றை நாளத்தால் ஏற்ற வேண்டும். அது மூளைக்குள் இரத்தம் கசியவும் வைக்கலாம், ஆனால் வேறு வழி இல்லை. நாளைக்கே ஒப்பரேஷன். துளசி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது கதைக்கலாம். பட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் நான் கதைக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் என்னையே ஏசிக்கொள்கிறேன். டொக்டர், லின், மகள், புருஷன் எல்லோரும் நிற்கிறார்கள். இத்தனை பேருக்கும் முன்னால், குளிசை கொடுக்கிறதே தொழிலாக இருக்கிற நான், எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்லுவது. வெட்கம்தான். உயிரைவிடப் பெரிய வெட்கம்.

வார்டில் கட்டிலில் போட்டு, கையில் ஊசி ஏற்றி, மருந்துப் பையைக் கம்பியில் தொங்கவிட்டாள் தாதி. குழாயைத் திறக்கமுதல் அட்டையைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "இரத்தத்துக்கான குளிசையைக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?"

நான் தினமும் கேட்கிற கேள்வி அது. பொய் சொல்கிறவர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஜன்னலைப் பார்ப்பார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன். "அஞ்சு நாளாக எடுக்கவில்லை" என்றேன்.

அவள் கை குழாயிலேயே நின்றுவிட்டது. பிறகு குழாயைத் திறக்காமலே டொக்டரைக் கூப்பிடப் போனாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்?" என்றாள் துளசி. "யூ மேக் ஓல்ட் பீப்பிள் ஓப்பின் தெயர் மௌத்ஸ்." வயதானவர்களை வாய் திறக்க வைக்கிறவளே நான்தானே என்கிறாள்.

இவர் மெதுவாகக் கேட்டார், "அப்ப நான் காலையில எடுத்து வைச்சதெல்லாம்?"

"ஊறுகாய்ப் போத்தலுக்குள்ள."

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். துளசியிடம் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

டொக்டர் ஹெல்மெட்டோடு வந்தார், வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார் போல. ஏன் என்று கேட்டார். பெட்டியில் என்ன போட்டிருந்தது, விரதம் என்றால் என்ன, பால் ஏன் சாப்பாடு இல்லை என்பதை எல்லாம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வெறும் தண்ணீரோடு ஆறு நாள் எடுத்திருந்தால் வயிறு கொஞ்சம் எரிந்திருக்கும். நிறுத்தியதில் பேச்சே போயிருக்கும்" என்றார். "விரதம் பிடிக்கப்போகிறேன் என்று எனக்கு முதலே சொல்லியிருந்தால் வழி சொல்லியிருப்பேனே. ஆனால் இப்போது சொன்னீர்கள், அது பெரிய விடயம். இந்தப் பையும் நாளைய ஒப்பரேஷனும் தேவையில்லாமலே போகலாம். குளிசையைத் தந்துவிட்டு மறுபடியும் கேட்டுப் பார்ப்போம்." தாதி மருந்துப் பையைக் கழற்றிக்கொண்டு போனாள். மருந்து தோற்றதா, எடுக்காமல் விட்டதா என்பது அவருக்கு இரண்டு வேறு நோய்கள். அது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கூடுதலான அளவில் குளிசை வந்தது. அதோடு ஒரு தட்டில் கிரக்கர் பிஸ்கட்டும் ஒரு துண்டு சீஸும். அவற்றைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தொரு வருடம். இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அதற்குள் இவர் போத்தலோடு திரும்பி வந்திருந்தார். டொக்டரிடம் கொடுத்தார், பதினைந்து குளிசையும் இருந்தன. பிறகு என் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார்.

"நீர் சாப்பிட்டுட்டு விழுங்கும். முருகனோட நான் கதைக்கிறன்" என்றார். "நாளையான் விரதத்தை நான் பிடிக்கிறன்."

வடையைக் கண்டால் கண்மண் தெரியாத மனிதர், வாழ்நாளில் ஒரு வெள்ளிக்கிழமைகூட மீன் இறைச்சி இல்லாமல் மரக்கறி மட்டும் சாப்பிட்டதில்லை. நான் சாப்பிட்டேன். விழுங்கினேன். தாதி கேட்கமுதலே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை, சிரித்தாள்.

அடுத்த நாள் முழுக்க அவர் வார்டில் சுருண்டுபோய் இருந்தார். பின்னேரம் வந்து காதுக்குள் கேட்டார், "இஞ்சாரும், கோப்பி குடிச்சால் விரதம் முறியுமோ?" முறியும் என்றேன். பெருமூச்சு விட்டுப் போய்ப் பழையபடி கதிரையில் இருந்தார். முப்பத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்த மனிதரில் எனக்கு அவ்வளவு ஆசை வந்ததில்லை.

அதற்கடுத்த நாள் மறுபடியும் லின், மறுபடியும் பட்டி, ஒரு மணித்தியாலம். உஷ், உஷ். பாதி நேரம் போனது, ஒன்றுமில்லை. முக்கால்வாசி போனது, ஒன்றுமில்லை. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். முடியப்போகிற நேரம் பார்த்து ஒரு கீச். ஒன்றே ஒன்று.

"ஒன்பது ஒன்றாகியிருக்கிறது. மருந்து நன்றாக வேலை செய்கிறது" என்றார் டொக்டர். "ஆனால் மருந்து வேலை செய்யும்போதும் உடைகிறதென்றால், அந்தப் படிவை விட்டுவைக்கக் கூடாது. இரத்தம் அமைதியாக இருக்கிற இந்த நேரத்தில் வழித்தெடுத்துவிடுவது நல்லது." ஒப்பரேஷனிலேயே ஒரு துண்டு உடைந்து மேலே போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். மயக்கிச் செய்யலாம், அல்லது கழுத்தை மட்டும் விறைக்கச் செய்து விழித்திருக்கும்போதே செய்யலாம். விழித்திருந்தால், வழிப்பதற்காக இரத்தக்குழாயை இடுக்கிப் பூட்டுகிற நேரத்தில் மூளைக்கு இரத்தம் போதவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். உடனே ஒரு சின்னக் குழாயால் மாற்றுவழி கொடுப்பார்கள்.

துளசி மயக்கச் சொன்னாள். நான் மறுத்தேன். என் பேச்சு போகப்போகிறதென்றால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது போகட்டும். நித்திரையில் களவு போக விடமாட்டேன். கையெழுத்தை வலது கையால், ஆறுதலாக, முழுப்பெயரும் எழுதி வைத்தேன்.

ஒப்பரேஷன் அறையில் மயக்கமருந்து டொக்டர் தமிழ்நாட்டுப் பெண், மதுரைப் பக்கம். கழுத்தை விறைக்க வைத்து, முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரமாகக் கட்டி, அதற்குள் தலையை நீட்டிக்கொண்டு இருந்தாள். என் வலது கையில் பிள்ளைகள் குளிக்கும்போது விளையாடுகிற ரப்பர் வாத்து ஒன்றைத் தந்தாள். அமத்தினால் கீச் என்று கத்தியது.

"நான் சொல்றப்பல்லாம் இதை அமுக்குங்க. அப்புறம் பேசிக்கிட்டே இருங்கம்மா. எதைப் பத்தி வேணா பேசுங்க. நிறுத்த மட்டும் கூடாது."

பிறந்த நாளிலிருந்து என்னிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. என்ன கதைப்பது என்று யோசித்தேன். தேவாரம் வேண்டாம், அது பாடமாக்கியது, நாக்கு தன்பாட்டில் சொல்லிவிடும். எனக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"என்ர வேலையிடத்தில பதினாறு அறை. ஒவ்வொண்டிலும் ஆர் இருக்கினம் எண்டு சொல்லுறன்" என்றேன். "முதலாவது மார்கரெட். அவவுக்குத் தேத்தண்ணியில ரெண்டு சீனி, மகனுக்குத் தெரியக் கூடாது. ரெண்டாவது ஜோர்ஜ், கிரேக்கர், செருப்பை எப்பவும் துலைக்கிறவர்."

"சரி, அப்புறம்?"

மூன்று, நான்கு, ஐந்து. ஆறாம் அறை அலனைச் சொல்லும்போது சத்திரசிகிச்சை டொக்டர் துணிக்கு அங்கால் இருந்து குரல் கொடுத்தார். குழாயைப் பூட்டுகிறார்கள். வாத்து கத்தியது. ஏழாம் அறையைச் சொன்னேன், எட்டைச் சொன்னேன். நாக்குத் தடித்ததுபோல இருந்தது. மருந்தா, மற்றதா தெரியவில்லை. ஒன்பது. பத்து. பத்தாம் அறைக்காரியைப் பற்றி வேண்டுமென்றே கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அடுத்த கதவைத் திறக்கப் பயமாக இருந்தது.

"அம்மா? ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க."

"பொறுங்கோ பிள்ளை."

"அம்மா, பதினொண்ணு. யார் இருக்காங்க?"

அவள் குரல் மாறியது. துணிக்கு அங்கால் எல்லாக் கைகளும் நின்றுவிட்டதாகத் தோன்றியது. சிந்திய தேநீர் தெரிந்தது, பூச்சட்டி தெரிந்தது, என் கையைப் பிடித்திருந்த அந்தச் சுருங்கிய கை தெரிந்தது. வாயைத் திறந்தேன்.

"டொரதி" என்றேன்.

"யாரும்மா அது?"

"டொரதி. பதினோராம் அறை. குளிசையை ஒளிக்கிறவ." கேட்காமலே வாத்தை அமத்தினேன், கீச் என்று கத்தியது. "என்னை மாதிரித்தான்."

"சரிம்மா. பன்னெண்டு?" என்றாள் அவள். நான் பன்னிரண்டாம் அறைக்குப் போனேன்.